பங்காளிக்கு ஒரு கைச் சோறு

தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள், கண்ணுகளா. இந்தக் கதை நெடுகத் தாகம் இருக்கிறது. நடுவில் எழுந்து போனால் முனியம்மாளை மணலில் தனியாக விட்டுவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும். அவள் பாவம், தனியாக இருந்ததெல்லாம் போதும்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம். முகத்துவாரத்துக்கு வெளியே அவர்களுடைய கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும். ஊருக்குள் சாயப்பட்டறைகளில் வெள்ளைத் துணி சிவப்பாகவும் நீலமாகவும் மாறி, மூட்டையாகி, அந்தக் கப்பல்களில் ஏறும். கோட்டைக்குப்பத்து மீனவர்களுக்கு அதில் பெரிய சம்பந்தம் இல்லை. அவர்களுக்கு ஏரி உண்டு, கடல் உண்டு. ஏரிக்கு அந்தப் பக்கம் தீவுக்காடு உண்டு. காட்டுக்குள் பங்காளி உண்டு.

பங்காளி என்றால் ஆள் இல்லை. மிருகம். என்ன மிருகம் என்று கேட்டால் குப்பத்தில் ஒருவருக்கும் பெயர் சொல்லத் தெரியாது. நடை புலியின் நடை. உயரம் உழவு மாட்டுக்கு மேலே ஒரு முழம். நிறம் மடவை மீனின் சாம்பல் நிறம். கழுத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் செதில்கள். அது கிளம்பிவிட்டால் காட்டில் பறவை மூச்சு விடாது. பன்றி, மான், கரையேறிக் கிடக்கும் முதலை, எல்லாம் அதற்கு இரை. அதை இரையாக்க அந்தக் காட்டில் ஒன்றும் பிறக்கவில்லை. ஆனால் பல்லில் அவ்வளவு பயங்கரத்தை வைத்த கடவுள் பாதத்தில் வேறொன்றை வைத்திருந்தார். அது கால் பதித்த மணலில் தண்ணீர் ஊறும். நல்ல தண்ணீர்.

அதன் அருமை மேட்டுநிலத்துக்காரர்களுக்குப் புரியாது. ஏரி உப்பு, கடல் உப்பு, குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. பெண்கள் காலையில் குடங்களோடு தோணி ஏறித் தீவுக்கரைக்குப் போய், அதன் காலடிக் குழிகளில் கொட்டாங்கச்சியால் மொண்டு நிரப்பி வருவார்கள். இளநீர் மாதிரி இருக்கும் என்பார்கள்.

ஏரியில் வலை போடும் இடங்களுக்கு எப்போதுமே சண்டைதான். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவர்கள் எல்லாரும் பங்காளிகள். எந்தத் தலைமுறையிலோ, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்ட ஒரு வருஷத்தில், அந்த மிருகத்துக்கும் ஒரு பாடு ஒதுக்கினார்கள். ஏழு நாளைக்கு ஒரு நாள் காட்டோர ஓடையில் யாரும் வலை இறக்கக்கூடாது. அன்றைக்கு அது இறங்கி வந்து ஓடையை மறித்து நின்று, வயிறு முட்ட மீன் தின்றுவிட்டுப் போகும்.

பங்கு கொடுத்தால் உறவும் கூடவே வந்துவிடுகிறது. குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் பங்காளிகளுக்கெல்லாம் பதினாறு நாள் தீட்டு. வாயில் மீன் படக்கூடாது. பதினாறாம் நாள் சாவு வீட்டுப் பெண் மீன் குழம்பு வைத்து, சோற்றில் பிசைந்து, ஒவ்வொரு பங்காளிக்கும் தன் கையால் ஒரு பிடி தருவாள். அந்தப் பிடி உள்ளே போனால்தான் தீட்டு கழியும். மிருகமும் தீட்டுக் காத்தது. ஊரில் பறை கேட்ட நாளிலிருந்து வேட்டையாடாமல் கரையோரம் வந்து படுத்துவிடும். பதினாறாம் நாள் சாவு வீட்டுக்காரி ஓர் இலையை எடுத்துக்கொண்டு தோணியில் போவாள். அவள் கையால் வைத்தால்தான் தொடும். வேறு யார் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

குப்பத்து ஆட்களைக் காட்டில் அது தொடாது. அடையாளம் வாசனைதான். நூல் வலை உப்பில் இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டையை வேகவைத்த சாற்றில் ஊறப்போடுவார்கள். அந்தச் சாற்றில் புழங்கிப் புழங்கி ஆண், பெண் எல்லார் கையும் மணிக்கட்டு வரை பழுப்பேறி, துவர்ப்பாக ஒரு வாசனை வீசும். காட்டுக்குப் போகிறவர்கள் தோணி ஏறுவதற்கு முன்னால் பட்டைத் தொட்டியில் இரண்டு கையையும் ஒரு முறை முக்கிவிட்டுத்தான் போகவேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த சட்டம் அது.

முனியம்மாளுக்கும் தெரியும்.

அவள் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடம்புகூடத் திரும்பி வரவில்லை. ஒரே மகன் செங்கல்வராயன். அவன் வலையைத் தொடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். இருபது வயதில் அவனைப் பழவேற்காட்டில் ஒரு சாயப்பட்டறையில் சேர்த்துவிட்டாள். சுவர் இருக்கிற வேலை, கூரை இருக்கிற வேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். சிவப்புச் சாயத்துக்குச் சாயவேர் வேண்டும். தீவு மணலில் அது நன்றாக விளையும். ஒரு நாள் பட்டறைக்காரர், காலையில் போய் வேர் தோண்டிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்து துணி பிரிக்கும்படி அவனிடம் சொல்லியிருந்தார்.

அவன் தொட்டியில் கையை முக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முனியம்மாள் வாசலில் புளியும் மணலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கைய நீட்டு.”

“எதுக்குமா? இப்பத்தான் முக்கிகினு வரேன்.”

“அதுக்குத்தான் நீட்ட சொல்றேன். போன வாரம் வெள்ளத் துணியில உன் வெரல் அஞ்சும் பதிஞ்சிருந்துதுன்னு பட்டறைக்காரரு இன்னா சொன்னாரு? இன்னொரு வாட்டி கறை பட்டா வலை இழுக்கவே போடான்னாரா இல்லியா?”

“காட்டுக்குப் போறேம்மா.”

“கரையோரம்தான தோண்டப் போற? காட்டுக்குள்ள இன்னா, பொண்ணு பாத்து வச்சிருக்கியா?”

“வச்சிருக்கேன். பல்லு மட்டும் கொஞ்சம் நீளம்.”

“கொழுப்புடா உனக்கு. நீட்டு.”

அவன் சிரித்துக்கொண்டே நீட்டினான். “கழுவிக்க. பங்காளிக்கு என்னத் தெரியாதா? நைனா தோள்ல ஒக்காந்துகினு அது மீன் புடிக்கிறத எத்தினி வாட்டி பாத்துருக்கேன்.”

பித்தளைப் பானையைத் துலக்குவது போல அவள் தேய்த்தாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. தோல் சிவக்கும் வரை தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். புளி வாசனை மட்டும்தான் இருந்தது. ‘சுத்தம்’ என்று திருப்தியாகச் சொன்னாள்.

கரையோரத்து வேரையெல்லாம் மற்ற பட்டறை ஆட்கள் முந்தியே தோண்டிவிட்டிருந்தார்கள். அவன் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறான். அவ்வளவுதான் தெரியும்.

மத்தியானம் அந்தப் பக்கம் வலை பார்க்கப் போன அங்கமுத்துதான் முதலில் கண்டான். அங்கமுத்து பக்கத்து வீட்டுக்காரன், செங்கல்வராயனைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்தவன். கரையில் செங்கல்வராயன் மல்லாந்து கிடந்தான். கழுத்தைத் தவிர உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவனைத் தின்னவில்லை, காட்டுக்குள்ளிருந்து தூக்கி வந்து தண்ணீர் ஓரமாகக் கிடத்தியிருந்தது. பங்காளி ஏரியில் வாயை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தது. இரத்தம் நாக்கில் பட்டபோதுதான் தெரிந்திருக்கும், இது நம் ஊர்ப் பிள்ளை என்று. தோணி நெருங்கியதும் பத்தடி பின்வாங்கி, மணலில் தாடையை வைத்துப் படுத்துவிட்டது.

அங்கமுத்து உடம்பைத் தூக்கித் தோணியில் வைத்தபோது அந்தக் கைகள் வெள்ளையாக இருந்தன. அவன் பார்த்தான். அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறு நாளும் முனியம்மாள் தினம் காலையில் கரைக்குப் போய்த் தீவைப் பார்த்துத் திட்டினாள். “நம்பின வீட்டுல கை வச்சியே, நீ வெளங்குவியா? உன் பல்லு உதிர, உன் குடல் வத்த!” திட்டி முடித்துத் திரும்பும்போது அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் இருக்கும். குப்பத்துப் பெண்கள் அதைக் கவனித்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் மீன் குழம்பு வைத்தாள். பங்காளிகள் வரிசையாக வந்து கை நீட்டினார்கள். எல்லாருக்கும் பிடி பிடியாகக் கொடுத்தாள். கடைசியில் ஓர் இலை மிச்சம் இருந்தது. ஊர்த் தலைவரான நாட்டார் கோதண்டம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

“முனியம்மா, இன்னொரு எல கீது.”

“தெரியும்.”

“அது பதினாறு நாளா ஒண்ணும் தின்னல. கரையிலயேதான் கெடக்குது.”

“கெடக்கட்டும். செத்து நாறட்டும். என் புள்ளயக் கடிச்ச வாய்க்கு என் கையால சோறா?”

கோதண்டம் திரும்பிப் போய்விட்டார். கண்ணுகளா, அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இலையை வைத்துவிட்டால் அதன்மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிடும். அதன்மேல் இல்லையென்றால் அந்தக் குற்றம் எங்கே போகும்? அதற்குப் போக ஒரே ஒரு வீடுதான் உண்டு. அந்த வீட்டு வாசலில் புளிச் சக்கை இன்னும் காய்ந்து கிடந்தது.

மிருகம் நடமாடாததால் புதிய காலடி இல்லை. பழைய குழிகளில் இருந்த தண்ணீர் முதலில் சப்பென்று ஆனது, பிறகு கரித்தது, பிறகு ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்தது. கோதண்டமே ஓர் இலை கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்; அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆட்கள் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலத்தில் இருக்கும் காட்டூருக்கு நடந்து, விவசாயிகளிடம் கொடுத்து ஆளுக்கு ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் வாங்கி வந்தார்கள். “தண்ணியிலயே பொழைக்கிறவங்க தண்ணிக்கு வந்துட்டீங்களா?” என்று அங்கே கேலி வேறு. ஒரு குடம் எத்தனை வாய்க்குக் காணும்? மிச்சத்துக்கு உப்பைக் குடித்தார்கள். குழந்தைகளின் உதடு வெடித்தது. ஒருவரும் முனியம்மாள் வீட்டுப் பக்கம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருபதாம் நாள் கோட்டையிலிருந்து, உலாந்தாக்காரருக்கு மொழிபெயர்க்கும் துபாசி தாமோதரன் தோணியில் வந்தார். வெள்ளை அங்கவஸ்திரம், தலைக்கு மேல் ஓலைக் குடை. கோட்டைக்குள் யாரோ ஒரு பெரியவருக்கு அந்த மிருகத்தின் தோல்மேல் கண். ஆனால் குப்பத்தார் கேட்டுக்கொள்ளாமல் தீவுக்காட்டில் துப்பாக்கி வெடிப்பதில்லை என்று முன்பே ஒரு பேச்சு இருந்தது. அதனால் சாவு வீட்டுக்காரியின் வாயிலிருந்து ஒரு புகார் வேண்டும். ஊரைக் கூட்டினார்கள். முனியம்மாளை நடுவில் நிறுத்தினார்கள்.

“உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும் அம்மா,” என்றார் துபாசி. “தொட்டியில் கை முக்கியவனை அது தொடக்கூடாது. தொட்டிருந்தால் வாக்கை மீறியது அதுதான். நாளைக்கே நான்கு துப்பாக்கியோடு வந்துவிடுவோம். உன் மகன் கையை முக்கினானா?”

முனியம்மாள் மூச்சை இழுத்தாள்.

“முக்கினான்.”

“பார்த்தாயா?”

“மணிக்கட்டு வரைக்கும் பட்டச் சாறு சொட்டச் சொட்ட வந்தான். பாத்தேன்.”

அது பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை.

அங்கமுத்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோதண்டம் தொண்டையைக் கனைத்தார்.

“நாளைக்குத் தோணி அந்தப் பக்கம் போவாதுங்க ஐயா. ஏரியில தண்ணி வத்திப்போயி சேறா கீது. துப்பாக்கியத் தூக்கிகினு சேத்துல எறங்க முடியாது. அமாவாச வரட்டும், தண்ணி ஏறிடும்.”

“அமாவாசைக்கு எத்தனை நாள்?”

“நாலு நாளு.”

துபாசி தலையாட்டிவிட்டுத் தோணி ஏறினார். முனியம்மாள் ஏரியைப் பார்த்தாள். நெல் ஏற்றிய இரண்டு பெரிய தோணிகள் தீவை ஒட்டித் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தன. நாட்டார் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் அங்கமுத்துவின் மனைவி செல்வம்மாள் வந்தாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கையில் ஒரு சின்னச் செம்பு.

“காட்டூர்த் தண்ணி. குடி யக்கா.”

“கொழந்தைக்கு வையிடீ.”

“அவளுக்கு எம்பாலு கீது. உனக்கு யாரு கீறாங்க?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். முனியம்மாள் செம்பை வாங்கிக் குடித்தாள். செல்வம்மாள் எதிரில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். வெகு நேரம் அதன் காலையே தடவிக்கொண்டிருந்தாள்.

“யக்கா. தொட்டி எங்க வாசல்லதான கீது.”

“அதுக்கு?”

“எங்க வாசல்லேர்ந்து உன் வாசலு தெரியுதில்ல.”

முனியம்மாளின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது.

“பாத்தியா?”

“பாத்தேன். அவரும் ஒடம்பத் தூக்கும்போது பாத்தாரு. நாட்டாருகிட்ட சொன்னாரு. இப்ப ஊருக்கே தெரியும்.”

“நேத்து அந்த ஆளு கேட்டப்ப ஏன்டீ ஒருத்தரும் வாயத் தொறக்கல?”

“தொறந்து? உன்ன இன்னா பண்ணச் சொல்ற? நீ அத்தத் திட்டிகினு இருக்கற வரைக்கும் உசுரோட இருப்பன்னு நாட்டாரு சொன்னாரு. திட்ட ஆளு இல்லன்னா ஏரியில எறங்கிடுவன்னாரு.”

“அதுக்கு அத்தினி பேரும் உப்பக் குடிச்சீங்களா?”

“குடிச்சோம்.” செல்வம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நானு அன்னிக்கே கத்தியிருக்கலாம் யக்கா. கழுவாதன்னு ஒரு கொரலு குடுத்திருக்கலாம். நீ என் வூட்டு விஷயத்துல தலையிடாதன்னு கத்துவியேன்னு வாய மூடிகினேன். கரையோரம்தானேன்னு நெனச்சேன்.”

“நானும் அதான் நெனச்சேன்,” என்றாள் முனியம்மாள்.

குழந்தை செம்பைப் பிடித்து இழுத்து அதன் விளிம்பைக் கடித்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் காலை முனியம்மாள் அடுப்பு மூட்டினாள். அங்கமுத்து இரண்டு மடவை மீன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். குழம்பு வைத்தாள், சோறு வடித்தாள். இலையில் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். அங்கமுத்து தோணியில் கழியோடு நின்றான்.

“கைய முக்கிகினு வா யக்கா.”

அவளும் செங்கல்வராயன் பட்டறைக்குப் போன நாளிலிருந்து வலை வேலையை விட்டவள்தான். அவள் கையில் பழுப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. தொட்டியைத் தாண்டி நடந்து வந்து தோணியில் ஏறினாள்.

“யக்கா! வெளாடாத. பசியில கெடக்குது அது.”

“அவன் எந்தக் கையோட போனானோ அதே கையோட போறேன். நீ கழிய ஊணு.”

அவன் வேண்டாம் என்று கெஞ்சினான். நாட்டாரைக் கூப்பிடுவேன் என்றான். அவள் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அழுதுகொண்டே கழியை ஊன்றினான்.

தீவுக்கரையில் அது கிடந்தது. கவிழ்த்துப்போட்ட பழைய படகின் பலகைகள் மாதிரி விலாவெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கழுத்துச் செதில்கள் உதிர்ந்து மணலில் சிதறியிருந்தன. அங்கமுத்துவைத் தோணியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள்.

பத்தடி இருக்கும்போது காற்று அவள் பக்கமிருந்து அடித்தது. அது தலையைத் தூக்கியது. தெரியாத வாசனை. உதடு மெல்ல மேலேறிப் பற்கள் வெளியே வந்தன. நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உறுமல் புறப்பட்டு அவள் காலடி மணலை நடுங்க வைத்தது. காட்டில் அத்தனை பறவைகளும் வாயை மூடிக்கொண்டன. இருபத்து மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் அது அந்தக் காட்டின் ராஜாதான். ஒரே பாய்ச்சல் மிச்சம் இருந்திருந்தால்கூட அவளுக்கு அது போதும்.

முனியம்மாள் நிற்கவில்லை. பக்கத்தில் போய் மண்டி போட்டாள். இலையைப் பிரித்து, மீனில் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்தாள். ஒரு முள் விடாமல் ஒழுங்காக எடுத்தாள். இருபது வருஷம் ஒரு பிள்ளைக்கு முள் எடுத்துக் கொடுத்த கை.

“மோந்து பாரு,” என்றாள். “இதே மாதிரி கைதான். புளி போட்டுத் தேச்ச கை. நான்தான் தேச்சேன். அவன் முக்கிகினுதான் வந்தான், நான்தான் போக்கிட்டேன். உன்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. உனக்கு எப்படித் தெரியும்?”

அது முகர்ந்தது. வெகு நேரம் முகர்ந்தது. பிறகு வாயைத் திறந்து, சோற்றோடு சேர்த்து அவள் கையை முழுதாக உள்ளே வாங்கிக்கொண்டது.

மணிக்கட்டின் மேலும் கீழும் பற்கள் வந்து உட்கார்ந்தன. அழுத்தவில்லை. அவளும் கையை இழுக்கவில்லை. தோணியில் அங்கமுத்து கத்துவது எங்கேயோ கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ‘கடி. கடிச்சுடு’ என்று மனத்துக்குள் சொன்னாள். அதற்காகத்தான் முக்காத கையோடு வந்திருந்தாள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

சொரசொரவென்று நாக்கு அவள் விரல்களுக்கு நடுவே போய்ச் சோற்றை வழித்து எடுத்தது. பற்கள் விலகின. கை வெளியே வந்தது, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மகன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. பிழைத்துவிட்டோமே என்று அழுதாள். அழுதுகொண்டே அடுத்த பிடியைப் பிசைந்தாள். அதற்கடுத்த பிடி. இலை காலியாகும் வரை அது அவள் கையிலிருந்து தின்றது.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தது. இரண்டு முறை முன்னங்கால் மடங்கி விழுந்தது. மூன்றாவது முறை நின்று, தள்ளாடித் தள்ளாடிக் காட்டை நோக்கி நடந்தது. முதல் சில காலடிகள் காய்ந்தே இருந்தன. மர நிழலை எட்டியபோது ஒரு குழியில் கசிவு தெரிந்தது. அங்கமுத்து ஓடிப்போய் விரலை விட்டு நாக்கில் வைத்தான்.

“கொஞ்சம் கரிக்குது யக்கா,” என்றான். “கொஞ்சம்தான்.”

மறுநாள் அமாவாசை. சொன்னபடி துபாசி வந்தார், நான்கு துப்பாக்கிக்காரர்களோடு. தீவுக்கரையில் அவர்களுக்கு முன்னாலேயே முனியம்மாள் போய் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். மிருகம் போன வழியை யாரும் தேடவேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் தளும்பும் குழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் போயின. அந்தத் தடத்தோடு போனால் ஒரு நாழிகையில் பிடித்துவிடலாம்.

“நல்லதாயிற்று,” என்றார் துபாசி. “வழி அதுவே காட்டிவிட்டது.”

“திரும்பிப் போயிடுங்க ஐயா.”

“என்ன?”

“அது மேல குத்தம் இல்ல. எம்புள்ள கைய முக்கினான். நான் கழுவிட்டேன். பட்டறைத் துணியில கறை படுமேன்னு புளியும் மண்ணும் போட்டு, வாசனையே இல்லாம நான் கழுவிட்டேன்.”

அவள் அதை ஊர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் ஒரு குடம் கைநழுவி மணலில் விழும் சத்தம் கேட்டது. செல்வம்மாள்தான்.

துபாசியின் முகம் கறுத்தது. “அன்றைக்கு ஊர் நடுவே வேறு மாதிரி சொன்னாயே?”

“சொன்னேன்.”

“ஆக, வாசனை தெரியாமல் கடித்துவிட்டது. சரி. ஆனாலும் கொன்றது அதுதானே? பெற்றவள் நீ. உன் பிள்ளையைக் கொன்றதை உயிரோடு விடச் சொல்கிறாயா?”

முனியம்மாள் காட்டைப் பார்த்தாள்.

“அவன் கடைசியா கத்தியிருப்பான் இல்லீங்களா? அம்மான்னு கத்துனானா, நைனான்னு கத்துனானா, ஏன் கழுவினேன்னு கேட்டானா, எனக்குத் தெரியாது. இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அப்ப பக்கத்துல இருந்தது அது ஒண்ணுதான்.”

“அதற்குப் பேச்சு வருமா? வந்து உன்னிடம் சொல்லப்போகிறதா?”

“சொல்லாது.”

“பிறகு?”

“கேட்டிருக்குதே ஐயா,” என்றாள் முனியம்மாள். “அவன் கொரலக் கடைசியா கேட்ட காது இந்த ஒலகத்துல அது ஒண்ணுதான் கீது. அதையும் சுட்டுட்டீங்கன்னா எனக்கு இன்னா மிஞ்சும்?”

துப்பாக்கிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று அவர்களில் ஒருவன் துபாசியைக் கேட்டான். துபாசி வாயைத் திறந்தார். அதை அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கையைக் காட்டி, தோணியைத் திருப்பச் சொன்னார்.